கையடக்க எண்ணிம ஒளிப்படக்கருவியில் பழுதறிதல்

கையடக்க எண்ணிம ஒளிப்படக்கருவி என்பது வில்லை, ஒளியுணரி, ஃபிளாஷ் விளக்கு, திரை, மின்கலம் ஆகிய அனைத்தும் ஒரே சிறு கூட்டினுள் அமைந்த, வில்லையைக் கழற்றி மாற்ற இயலாத ஒளிப்படக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது டிஜிட்டல் கேமரா என்றே அறியப்படுகிறது. இக்கருவிகளில் ஏற்படும் கோளாறுகளுள் பெரும்பாலானவை ஒரு சில காரணங்களால் மீண்டும் மீண்டும் தோன்றுபவை. கருவியைத் திறக்காமலேயே, எந்த உறுப்பு பழுதடைந்துள்ளது என்பதை எளிய சோதனைகள் மூலம் கண்டுகொள்ளலாம். இக்கட்டுரை அச்சோதனைகளையும், கோளாறுகளின் காரணங்களையும், பயனர் தாமே செய்யத்தக்க தீர்வுகளையும் விளக்குகிறது.

பழுதறிதலின் தேவை

ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-ஆம் ஆண்டில் 12 கோடிக்கும் சற்று மேற்பட்ட எண்ணிம ஒளிப்படக்கருவிகள் உலகெங்கும் அனுப்பப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி கையடக்கக் கருவிகளே. நுண்ணறிபேசிகளின் வருகைக்குப் பின் இவ்வெண்ணிக்கை மிக வேகமாகச் சரிந்தது. 2023-இல் வில்லை கழற்ற இயலாத கருவிகளின் எண்ணிக்கை 20 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. எனவே இன்று வீடுகளில் இருப்பவையும், பழைய பொருட்களாக விற்கப்படுபவையும் பெரும்பாலும் பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. பழுதுபார்க்கும் கூலியோ கருவியின் மதிப்பை மிஞ்சிவிடும்.

இக்காரணத்தால் "வேலை செய்யவில்லை" என்ற ஒரே சொல்லுடன் பல கருவிகள் குப்பைக்குப் போகின்றன. அவ்வாறு போவது கருவி மட்டுமன்று. வேறு எங்கும் படியெடுத்து வைக்கப்படாத குடும்பப் படங்கள் அதன் நினைவக அட்டையிலோ உள் நினைவகத்திலோ தங்கியிருக்கலாம். வில்லை உடைந்த கருவியிலிருந்தும், நீரில் விழுந்த கருவியிலிருந்தும் படங்களை மீட்பது பல வேளைகளில் இயலும். ஆகையால் கருவியைப் பிழைக்க வைப்பதை விடப் படங்களைக் காப்பதே முதற்பணி எனக் கொள்வது நல்லது.

முதற் சோதனை

மென்பொருள் எழுதுவோர் ஒரு பிழையைத் தேடும்போது நிரலை இரண்டாகப் பிரித்து, பிழை எந்தப் பாதியில் உள்ளது என முதலில் பார்ப்பர். அம்முறை இங்கும் பயன்படும். ஒளிப்படக்கருவியின் உறுப்புகளை இரு பகுதிகளாகக் கொள்ளலாம். வில்லை, அதை நகர்த்தும் மோட்டார், ஷட்டர், ஒளியுணரி ஆகியவை படமெடுக்கும் பகுதி. மின்கலம், செயலி, திரை, நினைவக அட்டை ஆகியவை மற்றப் பகுதி.

முன்பு எடுத்த படங்களைக் காட்டும் நிலைக்கு இரண்டாம் பகுதி மட்டுமே போதும். இதற்கான பொத்தானில் வலப்புறம் நோக்கிய முக்கோணக் குறி இருக்கும். பல கருவிகளில், கருவி அணைந்திருக்கும்போது இப்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், வில்லை வெளியே வராமலேயே கருவி இயங்கத் தொடங்கும். பழைய படங்கள் தெளிவாகத் தெரிந்தால் மின்கலம், செயலி, திரை, அட்டை ஆகிய நான்கும் நலமாக உள்ளன. கோளாறு வில்லை, ஷட்டர், உணரி ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. கருவி இயங்கும் ஒலி கேட்டும் திரையில் ஒன்றும் தெரியாவிட்டால், தொலைக்காட்சியுடன் இணைத்துப் பார்க்கலாம். அங்கே படம் தெரிந்தால் திரையோ அதன் பின்விளக்கோதான் பழுது. இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகத் திரைமீது செலுத்தும்போது படம் மங்கலாகத் தெரியுமாயின், பின்விளக்கு மட்டும் போய்விட்டது என அறியலாம். எந்த நிலையிலும் கருவி உயிர்பெறாவிட்டால் ஆய்வை மின்கலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எச்சரிக்கை: கருவியைத் திறத்தல்

ஃபிளாஷ் விளக்குக்கு ஆற்றல் தருவது கூட்டினுள் உள்ள உருளை வடிவ மின்தேக்கி ஆகும். கருவியை இயக்குவது சில வோல்ட் மின்கலமே எனினும், இம்மின்தேக்கி ஏறத்தாழ 300 வோல்ட் அளவுக்கு மின்னேற்றப்படுகிறது. 100 மைக்ரோஃபாரட் கொண்மம் உள்ள ஒரு மின்தேக்கி 300 வோல்ட்டில் 4.5 ஜூல் ஆற்றலைச் சேமிக்கும். மின்கலத்தை எடுத்துவிட்டாலும் இம்மின்னேற்றம் உடனே மறைவதில்லை, நாட்கணக்கிலும் தங்கியிருக்கும். அதன் முனைகளைத் தொட்டவர் கடும் அதிர்ச்சிக்கு உள்ளாவர், தீப்புண்ணும் ஏற்படலாம். நான்கு திருகாணிகளைக் கழற்றினாலே மேலுறை வந்துவிடும் என்பதால் பலரும் துணிந்து திறக்கின்றனர். மின்தேக்கியைப் பாதுகாப்பாக வெறுமையாக்கும் முறை அறியாதவர் அவ்வாறு செய்யலாகாது. இக்கட்டுரையில் கூறப்படும் எதற்கும் கருவியைத் திறக்க வேண்டிய தேவை இல்லை.

மின்கலம் தொடர்பான கோளாறுகள்

"புதிய மின்கலம் போட்டும் இயங்கவில்லை" என்பது மிகப் பரவலான முறையீடு. இரட்டை-ஏ அளவு மின்கலங்களால் இயங்கும் கருவிகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் மின்கலத்தின் வகையே. வில்லை நகரும்போதும் ஃபிளாஷ் மின்னேறும்போதும் கருவி ஓர் ஆம்பியர் அளவிலான மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். மலிவான துத்தநாக-கரிம மின்கலங்களின் அகத்தடை மிகுதி. இவ்வளவு மின்னோட்டம் பாயும்போது அவற்றின் மின்னழுத்தம் சட்டெனச் சரிகிறது. செயலி அச்சரிவைக் கண்டு, மின்கலம் தீர்ந்தது எனக் கருதிக் கருவியை அணைத்துவிடுகிறது. அதே மின்கலங்களைச் சுவர்க்கடிகாரத்தில் இட்டால் மாதக்கணக்கில் ஓடும். காரமின்கலங்கள் இவற்றிலும் மேலானவை எனினும் அவையும் நெடுநேரம் தாங்குவதில்லை.

இத்தகைய கருவிகளுக்கு ஏற்றவை நிக்கல்-உலோக ஐதரைடு மீள்மின்னேற்றக் கலங்கள். இவற்றின் பெயரளவு மின்னழுத்தம் 1.2 வோல்ட் மட்டுமே, 1.5 வோல்ட் கலத்தை விடக் குறைவு. ஆயினும் அகத்தடை குறைவாதலால் பளு ஏறும்போது இவை அதிகம் சரிவதில்லை. சில கருவிகளின் பட்டியில் மின்கல வகையைத் தெரிவுசெய்யும் வசதி உண்டு. அதைச் சரியாக அமைக்காவிட்டால், நன்கு மின்னேறிய கலத்தையும் கருவி வெறுமையானது எனக் காட்டும். பழைய வகை ஐதரைடு கலங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலே சில வாரங்களில் மின்னேற்றத்தை இழக்கும். 2005-இல் சான்யோ வெளியிட்ட எனலூப் முதலான தன்னிழப்பு குறைந்த கலங்கள் இக்குறையைப் பெரிதும் நீக்கின. பழைய கலத்தையும் புதிய கலத்தையும் ஒன்றாக இடுவது தவறு. வலிமை குன்றிய கலம் முதலில் வெறுமையாகி, மற்றதால் எதிர்த்திசையில் மின்னேற்றப்பட்டுக் கெட்டுப்போகும்.

மின்கல அறையில் வெண்ணிறப் பூச்சு படிந்திருந்தால் அது காரமின்கலம் கசிந்ததன் அடையாளம். பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ இலேசாக நனைத்துத் தொடுமுனைகளைத் துடைத்தால் காரம் நடுநிலையாகும். பின்னர் தூய நீரில் நனைத்த பஞ்சாலும், அதன்பின் உலர்ந்த பஞ்சாலும் துடைத்து நன்கு உலர விட வேண்டும். சாறு அறைக்குள் வடியக்கூடாது.

மின்கலம் நலமாக இருந்தும் கருவி முற்றிலும் அசைவற்றுக் கிடந்தால் மின்கல அறையின் மூடியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மூடி சாத்தப்பட்டதைக் கருவி அறிந்துகொள்வது ஒரு சிறு விசையின் மூலம். மூடியின் உட்புறமுள்ள நெகிழிப் புடைப்பு அவ்விசையை அழுத்துகிறது. கருவி கீழே விழுந்து அப்புடைப்பு முறிந்திருந்தால், மூடி திறந்திருப்பதாகவே கருவி எண்ணிக்கொண்டிருக்கும். மூடியின் கொக்கி உடைந்தாலும் இதே விளைவுதான். விசை இருக்கும் இடத்தில் மடித்த தடித்த காகிதத்தை வைத்து, மூடியை மின்காப்பு நாடாவாலோ இரப்பர் வளையத்தாலோ இறுக்கிப் பிடித்துப் பார்க்கலாம். இந்த எளிய வழியால் மீண்டும் இயங்கிய கருவிகள் பல.

இலித்தியம்-அயனி மின்கலப் பொதிகளில் நேர், எதிர் முனைகளுடன் மூன்றாவதாக ஒரு தொடுமுனையும் இருக்கும். வெப்பநிலையை உணர்வதற்கோ பொதியை அடையாளம் காண்பதற்கோ அது பயன்படுகிறது. அதில் அழுக்குப் படிந்தால் "இம்மின்கலத்தைப் பயன்படுத்த இயலாது" என்பது போன்ற செய்தி தோன்றலாம். உலர்ந்த துணியால் துடைத்தாலே சரியாகும். பொதி உப்பியிருந்தால் அதைத் துளைக்கவோ மின்னேற்றவோ கூடாது. அது அறைக்குள் இறுகிச் சிக்கிக்கொண்டால் கூரிய கருவியால் நெம்பி எடுக்க முயல்வதும் தீ விபத்தில் முடியலாம்.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நாளும் நேரமும் கேட்கப்பட்டால் கடிகாரத்துக்கான உட்கலம் வெறுமையாகிவிட்டது என்று பொருள். பல கருவிகளில் இவ்வுட்கலம் முதன்மை மின்கலத்திலிருந்தே மின்னேறும். நன்கு மின்னேறிய மின்கலத்தை இட்டு ஒருநாள் முழுவதும் விட்டுவைத்தால் பெரும்பாலும் சரியாகும். சில கருவிகளில் மட்டும் பொத்தான் வடிவக் கலம் ஒன்றைத் தனியே மாற்றலாம். இது சிறு குறையாகத் தோன்றினும், தவறான நாளுடன் பதிவான படங்கள் கணினியில் முறை மாறி அடுக்கப்பட்டு, ஓராண்டு கழித்துத் தேடுவோரைத் திகைக்க வைக்கும். எக்சிஃப்டூல் என்னும் கட்டற்ற மென்பொருள் கொண்டு படங்களின் நேரத்தை மொத்தமாக முன்பின் நகர்த்தித் திருத்தலாம்.

வில்லைப் பிழை

கருவியை இயக்கியதும் வில்லைக் குழல் பாதியளவு வெளிவந்து நின்றுவிடுவதும், சில முறை விட்டுவிட்டு ஒலித்தபின் பிழைச்செய்தி காட்டிக் கருவி அணைவதும் இவ்வகைக் கருவிகளின் தனித்த நோய் எனலாம். கேனான் கருவிகளில் இது நெடுங்காலம் "ஈ18" என்ற குறியீட்டுடன் தோன்றியது. பின்னர் வந்த கருவிகள் "வில்லைப் பிழை, கருவியை மீண்டும் இயக்குக" என்று ஆங்கிலத்தில் கூறின.

காரணத்தை அறிய அமைப்பை அறிய வேண்டும். வில்லைக் குழல் என்பது ஒன்றனுள் ஒன்று அடங்கும் இரண்டு அல்லது மூன்று உருளைகளால் ஆனது. உருளைகளின் சுவரில் சாய்வான தவாளிப்புகள் வெட்டப்பட்டுள்ளன. சிறு மோட்டார் ஒன்று நெகிழிப் பற்சக்கரங்கள் வழியாக ஓர் உருளையைச் சுழற்ற, தவாளிப்பில் பொருந்திய முளைகள் வழுக்கி, மற்ற உருளைகள் முன்னே வருகின்றன. குழல் எங்கே உள்ளது என்பதைச் சிறு ஒளித்தடை உணரிகள் செயலிக்கு அறிவிக்கின்றன. எதிர்பார்த்த நேரத்துக்குள் எதிர்பார்த்த அறிவிப்பு வராவிட்டால், செயலி மோட்டாரை நிறுத்திப் பிழைச்செய்தியைக் காட்டுகிறது. மோட்டார் எரிந்துபோகாமல் காப்பதே இதன் நோக்கம். ஆகவே இச்செய்தி "வில்லை கெட்டுவிட்டது" என்று கூறுவதில்லை. "வில்லை நான் சொன்ன இடத்துக்கு வரவில்லை" என்று மட்டுமே கூறுகிறது.

வராமைக்குக் காரணங்கள் பல. மின்கலம் வலிமை குன்றியிருக்கலாம். இதுவே எளிதில் தீர்வது, முதலில் சோதிக்க வேண்டியதும் இதுவே. குழல்களுக்கு இடையே மணல் புகுந்திருக்கலாம். கடற்கரைக்குச் சென்று வந்த மறுநாள் தோன்றும் வில்லைப் பிழைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பைக்குள் இருக்கும்போது இயக்கப் பொத்தான் தற்செயலாக அழுந்தி, வெளிவர இடமின்றி வில்லை முட்டியிருக்கலாம். வில்லை நீண்டிருக்கும் நிலையில் கருவி விழுந்து, முளை தவாளிப்பிலிருந்து நழுவியிருக்கலாம் அல்லது பற்சக்கரத்தின் பல் முறிந்திருக்கலாம்.

முதலில், மேலே கூறியபடி படங்காணும் நிலையில் கருவியை இயக்கி, உள்ளிருக்கும் படங்களைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். அதன்பின் நன்கு மின்னேறிய மின்கலத்துடன் முயன்று பார்க்கலாம். மணல் என்று ஐயமிருந்தால் வில்லை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, இரப்பர் ஊதுகுமிழால் குழல்களின் இடைவெளியில் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் புகும். அழுத்தக் காற்றுக் குப்பியோ மணலை இன்னும் உள்ளே செலுத்திவிடும். மென்தூரிகை அல்லது மெல்லிய காகிதக் கீற்றைக் குழலைச் சுற்றி இடைவெளியில் நகர்த்தி மணலை வெளியேற்றலாம். குழல் ஒருபுறம் சாய்ந்திருந்தால், உயர்ந்து நிற்கும் பக்கத்தை விரலால் மென்மையாக அழுத்திப் பார்க்கலாம். முளை தவாளிப்பில் மீண்டும் பொருந்தினால் "டக்" என்ற ஓசை எழும். மோட்டார் இயங்கும் நேரத்தில் குழலை அது செல்ல முயலும் திசையில் மெல்லத் தள்ளிக்கொடுப்பதும் பயன்தரலாம்.

கருவியை உள்ளங்கையில் தட்டிச் சரிசெய்வோரும் உண்டு. அது எப்போதாவது பலிக்கும், பலிக்காதபோது மற்றொரு பல்லை முறிக்கும். கைவிடப்போகும் கருவியில் மட்டுமே இம்முறையைச் செய்துபார்க்கலாம். பற்சக்கரம் சுழலும் ஒலி கேட்டும் குழல் அசையாவிட்டால் பல் முறிந்துள்ளது எனக் கொள்ளலாம். குழல் முழுவதும் நீள்கையில் மட்டும் படத்தில் கோடுகள் தோன்றினால், உட்புற நெகிழ்சுற்றுப் பட்டையில் கிழிசல் இருக்கக்கூடும். இவையிரண்டும் பயனரால் தீர்க்க இயலாதவை.

எல்லாக் கையடக்கக் கருவிகளுக்கும் இந்நோய் வருவதில்லை. மினோல்ட்டா 2002-இல் வெளியிட்ட டிமாஜ் எக்ஸ் கருவியில், ஒளி ஒரு முப்பட்டகத்தால் செங்குத்தாகத் திருப்பப்பட்டு, வில்லைகள் கூட்டினுள்ளேயே நகரும்படி அமைக்கப்பட்டது. வெளியே நீளும் குழல் இல்லாததால் முட்டுவதற்கும் மணல் புகுவதற்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கருத்த படமும் ஊதாப் படமும்

படங்காணும் நிலை நன்கு இயங்கி, படமெடுக்கும் நிலையில் மட்டும் திரை கறுப்பாக இருந்தால், ஷட்டர் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். அல்லது உணரி செயலிழந்திருக்கலாம். வில்லையினுள் நோக்கி, படமெடுக்கும் பொத்தானை அழுத்தும்போது மெல்லிய கரிய இதழ்கள் அசைகின்றனவா எனப் பார்த்து இவ்விரண்டையும் ஓரளவு பிரித்தறியலாம். இச்சோதனையின்போது ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும்.

இதற்கு எதிரான கோளாறும் உண்டு. வெயிலில் எடுத்த படங்கள் வெளிறிப்போய்க் கோடுகளுடன் பதிவாகின்றன. ஆனால் அதே வெயிலில் எடுத்த நிகழ்படம் சரியாக உள்ளது. இது ஷட்டர் மூட மறுப்பதன் தெளிவான அறிகுறி. நிகழ்படத்தின்போது ஒளிபடு நேரத்தை உணரியே மின்னணு முறையில் கட்டுப்படுத்துகிறது. நிலைப்படத்தின்போதோ, சி.சி.டி. உணரியிலிருந்து தரவு படிக்கப்படும் நேரத்தில் இயந்திர ஷட்டர் மூடியிருக்க வேண்டும். அது மூடாவிட்டால் படிக்கும் நேரத்திலும் ஒளி விழுந்துகொண்டே இருக்கும்.

படம் ஊதா அல்லது பச்சை நிறம் பூசியதுபோல் ஆகி, கிடைக்கோடுகளுடன் அலையலையாகக் குலைந்து தோன்றினால் உணரியே பழுது. இவ்வகைப் பழுதின் மிகப் பெரிய நிகழ்வு 2005-இல் வெளிப்பட்டது. சோனி உற்பத்தி செய்த சில சி.சி.டி. உணரிகளில், பொதியினுள் உள்ள நுண்கம்பி இணைப்புகள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் விட்டுப்போவது கண்டறியப்பட்டது. அவ்வுணரிகளைப் பல நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தியிருந்தன. ஆகவே அவ்வாண்டின் இறுதி மாதங்களில் சோனி, கேனான், நிக்கான், ஃபுஜிஃபிலிம், கொனிக்கா மினோல்ட்டா முதலிய நிறுவனங்கள் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டு, உறுதிக்காலம் முடிந்த கருவிகளையும் கட்டணமின்றிப் பழுதுபார்த்துத் தர முன்வந்தன. கேனான் பவர்ஷாட் ஏ70, ஏ75 ஆகியவை அப்பட்டியலில் இருந்த புகழ்பெற்ற கருவிகள். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற நகரங்களின் இயல்பான தட்பவெப்பமே அப்பழுதைத் தூண்டும் சூழல் என்பதைக் கவனிக்க வேண்டும். அக்கருவிகளுக்கான சேவை முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2002 முதல் 2004 வரையான காலத்துக் கருவியைப் பழைய விலைக்கு வாங்குவோர், வாங்குமுன் படமெடுத்துப் பார்த்துவிடுவது நன்று.

நினைவக அட்டையும் காணாமற்போன படங்களும்

அட்டை பூட்டப்பட்டுள்ளது என்ற செய்தி வந்தால் எஸ்.டி. அட்டையின் இடப்பக்க ஓரத்தில் உள்ள சிறு நகர்த்தியைப் பார்க்க வேண்டும். அந்நகர்த்திக்கும் அட்டையின் உட்சுற்றுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அது எந்த நிலையில் உள்ளது என்பதை அட்டைச் செருகியில் உள்ள விசையே உணர்கிறது. நகர்த்தி கழன்று விழுந்துவிட்டால், அவ்விடத்தில் சிறு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினால் போதும்.

புதிதாக வாங்கிய அட்டையைப் பழைய கருவி ஏற்காவிட்டால் பழுது இரண்டிலும் இல்லை. முதல் வகை எஸ்.டி. அட்டைகள் 2 கிகாபைட் வரையிலானவை. 2006-இல் வரையறுக்கப்பட்ட எஸ்.டி.எச்.சி. வகை 32 கிகாபைட் வரை செல்லும். வடிவம் ஒன்றே எனினும் அதற்கு முந்தைய கருவிகளால் அதைப் படிக்க இயலாது. அத்தகைய கருவிகளுக்கு 2 கிகாபைட் அல்லது அதனினும் சிறிய அட்டையைத் தேடி வாங்குவதே வழி. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி அட்டைகளும் சந்தையில் உண்டு. முதலில் எடுத்த படங்கள் நலமாயிருந்து, ஓரளவுக்குப் பின் எடுத்தவை அனைத்தும் திறக்க மறுத்தால் இதை ஐயுறலாம். எஃப்3 என்னும் கட்டற்ற மென்பொருள் அட்டையின் உண்மையான கொள்ளளவைச் சோதித்துக் கூறும்.

கணினியில் பெயர் மாற்றிய படத்தை மீண்டும் அட்டையில் இட்டால், "காட்ட இயலாத படம்" என்று கருவி கூறும். கருவிகள் பின்பற்றும் டி.சி.எஃப். விதிப்படி கோப்பின் பெயர் நான்கு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்டதாக இருக்க வேண்டும். "அம்மா பிறந்தநாள்" என்று பெயரிட்ட படம் கெட்டுவிடவில்லை. கருவிக்கு அப்பெயர் புரியவில்லை, அவ்வளவே.

"அட்டையை வடிவமைக்க வேண்டுமா?" என்று கருவி கேட்கும் நேரமே மிக முக்கியமானது. அட்டையில் தேவையான படங்கள் இருந்தால் ஒருபோதும் ஆம் என்று கூறலாகாது. முதலில் கருவியை அணைத்து, அட்டையைக் கழற்றி, பொன்முலாம் பூசிய தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் இட்டுப் பார்க்க வேண்டும். பின் அட்டைப் படிப்பான் வழியாகக் கணினியில் முயல வேண்டும். கருவியால் படிக்க இயலாத அட்டையைக் கணினி படித்துவிடுவது அரிதன்று.

தவறுதலாக அழித்த படங்களும் பெரும்பாலும் மீட்கத்தக்கவையே. ஃபாட் கோப்பு முறைமையில் ஒரு கோப்பை அழிக்கும்போது அடைவுப் பதிவில் அதன் பெயரின் முதல் எழுத்து மாற்றப்பட்டு, அது பிடித்திருந்த இடம் வெற்றிடமாகக் குறிக்கப்படுகிறது. படத்தின் தரவு அவ்விடத்திலேயே கிடக்கிறது. அடுத்த படம் அதன்மேல் எழுதப்படும்போதுதான் அது உண்மையில் அழிகிறது. எனவே தவறு நேர்ந்ததை உணர்ந்த கணமே படமெடுப்பதை நிறுத்தி, அட்டையைக் கழற்றி, நகர்த்தியைப் பூட்டு நிலைக்கு மாற்ற வேண்டும். ஃபோட்டோரெக் என்னும் கட்டற்ற மென்பொருள், கோப்பு முறைமையை நம்பாமல், ஜேபெக் படங்கள் தொடங்கும் குறியை அட்டை முழுவதும் தேடிப் படங்களை எடுத்துத் தரும். மீட்கப்படும் படங்களை அதே அட்டையில் சேமிக்காமல் கணினியின் வன்தட்டில் சேமிக்க வேண்டும். பழைய கோப்புப் பெயர்கள் திரும்பக் கிடைக்காது. பல கருவிகள் செய்யும் வடிவமைப்பும் அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுவதால், அதன் பின்னரும் இம்முறை பலமுறை பலன் தருகிறது.

எடுத்த படம் அட்டையில் இல்லை என்று தேடுவோர், அட்டையைக் கழற்றிவிட்டுப் படங்காணும் நிலைக்குச் சென்று பார்க்க வேண்டும். பல கருவிகளில் சில மெகாபைட் அளவில் உள் நினைவகம் உண்டு. அட்டை சரியாகப் பொருந்தாதபோது எடுத்த படங்கள் அங்கே சேர்ந்திருக்கும். அட்டை செருகப்பட்டிருக்கையில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழுது போலத் தோன்றுபவை

இருட்டில் எடுத்த படத்தில் வெளிறிய வட்டங்கள் மிதப்பதுபோல் தெரிவதை ஆவி என்று கூறுவோர் உண்டு. வில்லைக்கு மிக அருகில் பறக்கும் தூசியோ தூறல் துளியோ ஃபிளாஷ் ஒளியில் பளிச்சிட்டு, குவியத்துக்கு வெளியே இருப்பதால் வட்டமாகப் பதிவாகிறது. கையடக்கக் கருவிகளில் ஃபிளாஷ் விளக்கு வில்லையை ஒட்டியே இருப்பதால் இது மிகுதி. ஃபிளாஷை அணைத்தால் வட்டங்கள் மறையும்.

சூரியனையோ தெருவிளக்கையோ நோக்கும்போது திரையில் மேலிருந்து கீழாக ஒளிக்கோடு தோன்றுவது சி.சி.டி. உணரியின் இயல்பு. நிகழ்படத்திலும் இது பதிவாகும். நிலைப்படத்தில் ஷட்டர் மூடியபின் தரவு படிக்கப்படுவதால் பெரும்பாலும் பதிவாவதில்லை.

தொலைக்காட்சியில் படம் கறுப்பு-வெள்ளையாகவோ உருண்டோடியோ தெரிந்தால், பட்டியில் நிகழ்பட முறை என்.டி.எஸ்.சி. என்றிருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் விற்கப்பட்ட தொலைக்காட்சிகளுக்கு அதைப் பால் என மாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவிகளில் இது வழக்கமான சிக்கல். படங்கள் மஞ்சளாகவோ நீலமாகவோ வந்தால் வெண்சமநிலை தவறாக அமைந்துள்ளது. தொலைவிலுள்ளவை தெளிவின்றி இருந்தால் பூக்குறியுள்ள அண்மைநிலை இயங்கிக்கொண்டிருக்கலாம். எல்லா அமைப்புகளையும் தொடக்க நிலைக்கு மீட்கும் வசதி பட்டியில் இருக்கும். ஐயம் வந்தால் முதலில் அதைச் செய்துவிடலாம்.

ஈரமும் பூஞ்சையும்

நீரில் விழுந்த கருவியை "வேலை செய்கிறதா" என்று இயக்கிப் பார்ப்பதே பலமுறை அதைக் கொல்கிறது. உடனே மின்கலத்தையும் அட்டையையும் எடுத்துவிட்டு, துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப்புகாப் பெட்டியில் சில நாட்கள் வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைக்கும் வழக்கம் பெரிதாகப் பயன் தருவதில்லை, தூசிதான் மிஞ்சும். முடி உலர்த்தியின் சூடு நெகிழி உறுப்புகளை வளைக்கும். கடல்நீரில் விழுந்த கருவி பிழைப்பது அரிது, ஏனெனில் நீர் உலர்ந்தபின்னும் உப்பு தங்கி மின்கடத்தியாகவும் அரிப்பானாகவும் செயல்படும். ஆயினும் அதனுள் இருந்த அட்டையைத் தூய நீரில் அலசி, முழுமையாக உலர்த்திப் படிப்பானில் இட்டால் படங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் வில்லை மங்குவது ஆவி படிதலால். கருவியை நெகிழிப் பையில் இட்டு இறுகக் கட்டி, வெளி வெப்பநிலையை அடைந்தபின் எடுத்தால் ஈரம் பையின் மேல் மட்டுமே படியும். நெடுநாள் ஈரத்தில் கிடந்த வில்லையில் சிலந்தி வலை போன்று பூஞ்சை படரும். கையடக்கக் கருவியில் உள்வில்லையைத் துடைக்க வழியில்லாததால் வருமுன் காப்பதே இயலும். தோலுறையில் இட்டு அலமாரியில் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு மிகவும் உகந்தது. மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்த வேண்டும். நீண்ட நாட்களுக்கு வைப்பதாயின் மின்கலத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

கைவிடுமுன்

பழுது தீராத கருவியை மின்னணுக் கழிவாகக் கொடுக்கும் முன்போ விற்கும் முன்போ அட்டையைக் கழற்றிக்கொள்ளப் பலரும் மறப்பதில்லை. உள் நினைவகத்தைத்தான் மறக்கின்றனர். திரை உடைந்திருந்தாலும், வில்லை சிக்கியிருந்தாலும், செயலி இயங்கும் வரை யூ.எஸ்.பி. கம்பி வழியாக உள் நினைவகத்தைக் கணினியில் திறக்கலாம். அப்போது அட்டை கருவிக்குள் இருக்கக்கூடாது. அக்கம்பியின் முனை கருவிக்குக் கருவி வேறுபடும் என்பதால், கருவியைக் கைவிடும் வரையிலாவது அதன் கம்பியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.